அருணாவுக்கு வைத்த அளவு

ஓசூரில் ஒரு கம்பெனியின் சர்வர்களை எல்லாம் அடக்கி ஆளும் சிவராஜுக்கு, வீட்டில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் அடங்கவில்லை. டிவி அம்மாவின் சீரியலுக்குப் போய்விட்டதால் கிரிக்கெட்டை அவன் கம்ப்யூட்டரில்தான் பார்த்தாக வேண்டும். அதிலோ பந்து பவுலர் கையை விட்டுக் கிளம்பவே யோசித்தது. காரணம், வீட்டிலேயே தையல் வேலை பார்க்கும் மனைவி அருணா. ப்ளவுஸ் எம்பிராய்டரி டிசைன்களை அவள் பாட்டுக்குத் திறந்து வைத்துவிட்டு, மூடாமல் எழுந்து போய்விடுவாள். மெமரி முழுக்க மயில்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சிவராஜ் முடிவெடுத்தான். கம்பெனியில் செய்வதையே வீட்டிலும் செய்தான். அருணாவின் யூசர் பெயருக்கு இவ்வளவு மெமரிதான் என்று அளவு வைத்தான். மீறினால் ப்ரோக்ராம் தானாகச் செத்துவிடும்.

கொஞ்ச நேரத்தில் அருணா வந்தாள்.

“ஏங்க, ரெண்டாவது மயிலைத் தொறந்தா மொத மயிலும் சேர்ந்து செத்துப் போவுது. அத்திப்பள்ளி கல்யாணப் பொண்ணு ‘பேகா பேகா’ன்னு கன்னடத்துல அவசரப்படுத்தி போன் மேல போன் போடுது.”

சிவராஜுக்குப் பொய் வரும். பெருமை அதைவிடச் சீக்கிரம் வரும்.

“நான்தான் உனக்கு அளவு வெச்சிருக்கேன்.”

“ஊருக்கே அளவு எடுக்கறவ நான். எனக்கே அளவா?” அவள் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “எதுக்குங்க வெச்சீங்க, மெஷினுக்கா, மயிலுக்கா?”

“பேருக்கு. அருணாங்கற பேர்ல எது ஓடினாலும் அவ்வளவுதான்.”

“புதுசா ஒரு பேரு சேர்த்தா?”

“நான் வெக்கிற வரைக்கும் அதுக்கு அளவே கிடையாது.” இத்தனை வருஷ சர்வீஸில் இவ்வளவு ஆசையாய் யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை.

“அப்ப அத்தைக்கும் ஒரு பேரு சேர்த்துக் குடுங்களேன். வெளியூர்ல இருக்கற பேத்தி போட்டோ பாக்கணும்னு கேக்கறாங்க.”

ஹாலில் இருந்த அம்மா சென்னம்மாளின் பெயரில் உடனே ஒரு கணக்கு திறந்தான்.

“அத்தைக்கும் அளவுங்களா?”

“பெத்தவளுக்கு எவனாச்சும் அளவு வைப்பானா?”

சாயங்காலம் மேட்ச். பந்து மறுபடியும் நின்றது. எது மெமரியைத் தின்கிறது என்று பார்த்தான். வரிசையாகச் சென்னம்மாள், சென்னம்மாள், சென்னம்மாள்.

“அம்மா பேர்ல உன் மயிலா?”

“அத்தைகிட்ட கேட்டுட்டுத்தாங்க.” அருணா பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“அதுக்கும் அளவு வைக்கிறேன் பாரு.”

“வைங்க. அத்தை, உங்க பையன் உங்களுக்கு அளவு வைக்கப் போறாராம்.”

சென்னம்மாள் டிவி சத்தத்தைக் குறைத்தாள். “எனக்கு எதுக்குடா அளவு?”

“கம்ப்யூட்டர் திணறுதும்மா. யாருக்காச்சும் வெச்சுத்தான் ஆகணும்.”

“அப்ப நீ வெச்சுக்கோ. நாங்க ரெண்டு பேரும் வேலையா இருக்கோமில்ல.”

சிவராஜ் கீபோர்டை இழுத்தான். யாருக்கு அளவு என்று பெயர் போடும் இடத்தில், தன் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் அடித்தான்.