மொட்டைக் குன்றைப் பிடித்தது யார்?

லண்டன்
9 மார்ச் 1925

அன்புள்ள மேபல் அக்காவுக்குத் தம்பி எட்வின் எழுதிக்கொள்வது. நானும் என் முழங்கால் வலியும் இங்கே சுகம். நீயும் அத்தானும் கோழிகளும் அங்கே சுகமாயிருக்க வேண்டும்.

சர்க்கார் யுத்த சரித்திரம் எழுதும் ஆபீசில் வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். தலை சுற்றுகிறது, அக்கா. நாலு வருஷச் சண்டையில் என் பங்கு ஒரே ஒரு காலைப்பொழுது: பிரான்சில் மொட்டைக் குன்றை நம்மவர்கள் பிடித்த கதை. எழுதியதை அங்கே இருந்த அதிகாரிகளுக்கு அனுப்பிச் சரிபார்க்க வேண்டுமாம். அனுப்பினேன், பிடித்தது சனியன். ஜெனரல் பிராக்லி, "ஆறு மணிக்கு என் படைதான் பிடிச்சுது" என்கிறார். கர்னல் அர்க்கார்ட், "பிராக்லி ஆளுங்க வந்தப்போ நாங்க மேல உக்காந்து டீயே குடிச்சு முடிச்சாச்சு" என்கிறார். சரி, எதிராளியையே கேட்போம் என்று ஜெர்மன்காரர்களுக்கு எழுதினால், தண்ணீர் தீர்ந்துபோய் முந்தின நாளே குன்றைக் காலி செய்துவிட்டார்களாம். நம் வெற்றிக்கு வாழ்த்து வேறு! "ஆளே இல்லாத குன்றைப் பிடிச்சதா எப்படி சார் எழுதறது?" என்று மேலதிகாரி லோமாக்ஸைக் கேட்டேன். "பிடிச்சோம்னு எழுதுய்யா. யாரு, யார்கிட்டேருந்துன்னு உன்னை எவன் கேட்டான்?"

கேட்க ஒருத்தி வந்தாள். கார்ன்வாலிலிருந்து மிஸஸ் பெல்லோ. மகன் ஜோ அந்தக் குன்றில்தான் செத்தான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ஜெர்மன் கடிதத்தைப் பற்றி உளறிவிட்டேன். "அங்க எதிரியே இல்லன்னா எம்புள்ளைய யாரு தம்பி சுட்டது?" என்றாள். அவளை உட்காரவைத்துவிட்டு, இரண்டு படைகளின் நாட்குறிப்பையும் தோண்டி எடுத்தேன். அன்று மூடுபனி. பிராக்லி ஆட்களும் அர்க்கார்ட் ஆட்களும் ஒருவரையொருவர் எதிரியென்று நினைத்துக் கால்மணி நேரம் சுட்டிருக்கிறார்கள். செத்தவர்கள் ஏழு பேர். ஐந்தாவது பெயர் ஜோ. மறைக்காமல் சொன்னேன். கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதையே ஒரு வரியாக எழுதி, அவளுக்கும் ஒரு நகல் அனுப்பினேன். லோமாக்ஸ் குதித்தார். "அந்த வரி போனா நானும் போறேன் சார்" என்றேன். மூன்று நாள் கத்திவிட்டு, "எழுதித் தொலை" என்று அச்சுக்கு அனுப்பிவிட்டார். நான் ஜெயித்த ஒரே சண்டை இதுதான் அக்கா!

அத்தானுக்கு என் மரியாதை, குழந்தைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

தம்பி,
எட்வின் டாரண்ட்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மிஸஸ் பெல்லோவின் கடிதம் வந்தது. "அந்த வரிய எடுத்துடுங்க தம்பி. அன்னிக்குச் சுட்ட பையன் எங்கயோ உசுரோட இருப்பான். எதிரியத்தான் சுட்டோம்னு நெனச்சுத் தூங்கிட்டிருப்பான். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பா." அச்சகத்துக்கு ஓடிவந்து, அந்த வரியை என் கையாலேயே கோடு போட்டு அடித்துவிட்டேன். "அந்த எடத்துல இப்ப என்ன சார் போடணும்?" என்று கேட்டு அச்சுக்கோப்பவர் எதிரே நிற்கிறார். என்ன போடச் சொல்லட்டும், அக்கா?