வெண்ணெய் தடவிய ரொட்டி

எங்கள் ஹார்லன் பல்கலைக்கழகத்தில், அமெரிக்க வழக்கப்படி, கால்பந்தைக் கையால்தான் ஆடுவோம். அதில் ஓரமாக ஓடிப்போய், தூரத்திலிருந்து எறியும் பந்தைப் பிடிக்கும் உத்தியோகத்துக்கு மார்லன் டப்ஸ் என்ற பையனை மிசிசிப்பியிலிருந்து வரவழைத்திருந்தார்கள். சம்பளம் கிடையாது, ஏனென்றால் அவன் மாணவன். படிப்பும் அதிகம் கிடையாது. ஏனென்றால் அவன் ஆட்டக்காரன்.

சனிக்கிழமை அவனுக்கு முதல் ஆட்டம். அதைப் பார்க்க அவன் அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு பஸ் டிக்கெட் எடுத்திருந்தாள்.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்து, அகோரப் பசியோடு வந்து ஒரு ரொட்டி கேட்டான். சமையற்கட்டு லூரீன் பாவம் பார்த்து, கொஞ்சம் வெண்ணெய் தடவிக் கொடுத்துவிட்டாள். போச்சு.

கல்லூரி விளையாட்டுச் சங்க விதிப்படி, சாப்பாட்டு வேளை தவிர மற்ற நேரத்தில் ஆட்டக்காரனுக்கு வெறும் ரொட்டி தரலாம், அது சிற்றுண்டி. மேலே எதையாவது தடவினால் அது சாப்பாடு என்னும் அந்தஸ்தை அடைந்துவிடுகிறது. இந்த நுட்பத்தைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு மாடி முழுக்க விதிமுறை அலுவலகம் இருக்கிறது. அதன் இயக்குநர் வெண்டல் ஸ்டோக்ஸ் விசாரணையைத் தொடங்கினார்; தீர்ப்பு வரும்வரை மார்லன் ஆடக் கூடாது.

"எவ்வளவு வெண்ணெய்?"

"பாக்கலை சார். கடிச்சுட்டேன்."

"ரெண்டு பக்கமுமா?"

"ஒரு பக்கம்தான்."

"அப்ப அரைச் சாப்பாடு," என்றார் சட்ட ஆலோசகர், நிம்மதியாக.

"மடிச்சுத் தின்னேன் சார்."

அறையில் கவலை சூழ்ந்தது. மடித்தால் இரண்டு பக்கமும் ஒட்டுமே.

கோச் கிரைடர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "யோவ் ஸ்டோக்ஸ், இந்தப் பையன் இல்லேன்னா சனிக்கிழமை மானம் போயிரும்யா. போயும் போயும் வெண்ணெய்க்கா?"

"வெண்ணெய்க்கு இல்லை கோச். நேர்மைக்கு."

ஊர் கொதித்தது. கொதித்தால் எங்கள் ஊரில் முதலில் சட்டைதான் அச்சாகும். 'மார்லனுக்கு வெண்ணெய் கொடு' என்று போட்ட சட்டை இல்லாதவனை மனிதனாகவே மதிக்கவில்லை. மைதானக் கடைகளில் 'மார்லன் ரொட்டி' வந்தது: இரண்டு பக்கமும் வெண்ணெய், நடுவே சீஸ். மேயர் ஒன்றைத் தின்று படம் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை தீர்ப்பு வந்தது. 'மேற்படி மாணவர் தமக்கு உரிமையில்லாத சாப்பாடு ஒன்றை உட்கொண்டுள்ளார். உரிமையுள்ள சாப்பாடு ஒன்றை அவர் துறந்தால் சமநிலை ஏற்படும். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டைத் துறந்து, மாலை ஆடலாம்.'

நீதி வென்றது என்று பட்டாசு வெடித்தோம். லூரீன் ஒருத்திதான் ஸ்டோக்ஸிடம் போனாள்.

"வயித்துல ஒண்ணுமில்லாம எப்படிங்க ஓடுவான்? ஒரு வாழைப்பழமாவது குடுக்கட்டுமா?"

"சமநிலை ஏற்படுற வரைக்கும் சிற்றுண்டியும் நிறுத்தி வெச்சிருக்கும்மா."

"பசிக்குமே."

"பசி எங்க அலுவலக வரம்புல வராது."

மறுநாள் அவன் அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி, பொரித்த கோழி டப்பாவோடு நேராக மைதானத்துக்கு வந்தாள். வாசல் காவலாளி மறித்தான்.

"வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லைம்மா. பசிச்சா உள்ள மார்லன் ரொட்டி கிடைக்கும்."

"மார்லன் என் புள்ளைப்பா."

"அப்படியா? அப்ப ரெண்டா வாங்கிக்குங்க."

டப்பா வாசலிலேயே தங்கிவிட்டது.

ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பந்து வானத்தில் வந்தது. மார்லன் எம்பி, ஒற்றைக் கையால் பிடித்தான். அப்படியொரு பிடியை நான் பார்த்ததே இல்லை. எதிரே ஒருவனும் இல்லை, வெறும் புல். ஓடினான். தாண்டினால் வெற்றி என்ற எல்லைக்கோடு எட்டும் தூரத்தில் கால் பின்னிக்கொண்டது. தள்ளாடி, பந்தை மார்போடு அணைத்தபடியே விழுந்தான். யாரும் அவனைத் தொடவில்லை. நாங்கள் தோற்றோம்.

அவன் அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மற்ற எண்பதாயிரம் பேரும் எழுந்து நின்றோம்.

"நல்லாத் தின்னுட்டு வந்து ஆடக் கூடாதாடா?" என்று கத்தினோம். வாயில் ரொட்டி இருந்ததால் பாதிப் பேர் கத்தியது விளங்கவில்லை.