மலைக்கு அப்பால் ஊர் உண்டா

எந்த வரைபடத்திலும் அகப்படாத ஒரு நாட்டில், எது உண்மை என்று தீர்மானிக்கும் வேலையை ராஜா குடிமக்களிடமே விட்டிருந்தார். யார் என்ன சொன்னாலும் அது அரண்மனை முற்றத்துக்கு வரும். 'ஆம்' என்று ஒரு பானை, 'இல்லை' என்று ஒரு பானை, ஆளுக்கொரு புளியங்கொட்டை. ஜெயித்த பானையில் போட்டவரின் கொட்டைக்கு அடுத்த முறை மதிப்புக் கூடும். தோற்றவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே ஜனங்கள் யோசிப்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரின் கையைப் பார்க்கப் பழகினார்கள்.

கிழக்குக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பது ஜெயித்தது. குடித்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு. அடுத்த வாரம், நாட்டில் வயிற்றுப்போக்கே இல்லை என்பதும் ஜெயித்தது. வைத்தியர் கடையைச் சாத்திவிட்டுப் போனார்.

வடிவாம்பாவின் புருஷன் திருமேனி உப்பு வாங்க மலைக்கு அப்பால் போனவன், திரும்பவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பதை மறந்துவிடுவாள், அவ்வளவு ஏக்கம் அவளுக்கு. அவனைத் தேட ஆள் அனுப்பச் சொல்லி ஒருநாள் கேட்க வேண்டும், அன்றைக்குத் தன் கொட்டை கனக்க வேண்டும் என்று, ஜெயிக்கிற பானையாகப் பார்த்துப் போட்டுவந்தாள். வேம்பு இனிக்கும் என்றுகூடப் போட்டாள். நாட்டிலேயே கனமான கொட்டை அவளுடையதாயிற்று.

தண்ணீருக்குப் பயந்து ஜனங்கள் மலை தாண்டத் தொடங்கியதும், மந்திரி கேட்டார்: மலைக்கு அப்பால் ஊர் உண்டா?

கூட்டம் 'இல்லை' பக்கம் சாய்ந்தது. வடிவாம்பா இரண்டு பானைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்று தோற்றால் சேர்த்ததெல்லாம் போய்விடும், பிறகு அவனை யார் தேடுவார்கள்? இந்த ஒரு தடவை மட்டும் என்று 'இல்லை'யில் போட்டாள்.

மழை விட்டதும் திருமேனி வந்தான். இளைத்துப்போய், உப்பு மூட்டையோடு கோட்டைக் கதவுக்கு வெளியே நின்றான். வடிவாம்பா ஓடிவந்து கேட்டும் காவலன் கதவைத் திறக்கவில்லை.

"அந்தப் பக்கம் ஊரே இல்லன்னு ஆயிடுச்சும்மா. இல்லாத ஊர்லேருந்து ஆள் எப்படி வருவாரு?"

வடிவாம்பா மந்திரியை அழைத்துவந்து கெஞ்சினாள். மந்திரி கைகூப்பினார்.

"ஜெயித்ததை மறுபடி கேட்பது மக்களை அவமதிப்பதாகும், தாயே. அன்று நூலிழையில்தான் ஜெயித்தது. தங்கள் கொட்டை எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் ஊர் உண்டென்றே ஆகியிருக்கும். தேசம் தங்களை மறவாது."

கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. "வடிவு, நாந்தான்."

கூடியிருந்த ஒருவரும் கதவைப் பார்க்கவில்லை. குரல் கேட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ள, எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.