உஷ் அண்ணனும் அறுபது சாப்பாடும்

தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் நடுவில் ஓடும் எந்த வண்டியும் உஷ் அண்ணனிடமிருந்து தப்ப முடியாது. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில், நாலா பக்கமும் ஹாரன் அலறும்போது, "கொஞ்சம் சத்தம் போடாம இருங்கப்பா" என்று கேட்கும் துணிச்சல் உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் உண்டு.

அவர் கார் மெக்கானிக். பட்டறையும் அந்த ஜங்ஷனிலேயேதான். சொந்தப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். எதற்கெடுத்தாலும் விரலை உதட்டில் வைத்து "உஷ்!" என்பார். வண்டியின் வியாதியைக் காதால்தான் கண்டுபிடிப்பார். அதிலும் அவருக்கு உயிர், கிரவுன். எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிக்குப் பட்டறையில் அதுதான் பெயர். உள்ளே பல்லோடு பல் நெருங்கிக் கடிக்க வேண்டும். தேய்ந்து இடைவெளி கூடினால் 'ப்ளே' வந்துவிட்டது என்பார்கள். கிளட்சை விடும்போது பின்னால் 'டக்' என்று கேட்கும். நாம் பாட்டை இன்னும் சத்தமாக வைத்துக்கொண்டு போய்விடுவோம். அண்ணனால் அது முடியாது.

'டக்' காதில் விழுந்தால் போதும், கையிலிருக்கும் டீயோடு ஓடுவார். "யோவ், நிறுத்துய்யா! பின்னாடி ப்ளே கீது!" தெரியாதவர்கள் வழிப்பறி என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிப்பார்கள். ஒருத்தர் வண்டியை நேராகப் போலீஸ் பூத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். போலீஸ்காரர் வந்து, "இன்னாய்யா பிரச்சனை?" என்றார். "உஷ்! நீ செத்த பேசாம இரு சார்" என்று சொல்லிவிட்டு அண்ணன் வண்டிக்கடியில் புகுந்துவிட்டார்.

எங்கள் காலனிக் கல்யாணம் ஒன்றுக்குப் பட்டு வேட்டியும் சந்தனமுமாக வந்திருந்தார். மாப்பிள்ளை ஊர்வலக் கார் கிளம்பும்போது 'டக்' என்றது. "மோளத்த நிறுத்து!" என்று ஒரு கத்தல். நாதஸ்வரக்காரர் பாதி ராகத்தில் நின்றார். மாப்பிள்ளை இறங்கினார். பின்னால் வந்த பெண் வீட்டார், கல்யாணமே நின்றுபோச்சு என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணனோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கடியில் மல்லாந்திருந்தார்.

அடுத்தவன் வண்டி என்றால் சிரிக்கலாம். எனக்கு வேலை போய் நாலு மாதமாகியிருந்தது. என் மனைவி சித்ரா, சமைத்து சப்ளை செய்யலாம் என்று துணிந்தாள். மறைமலை நகரில் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனி. அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு. ஒரு நாள் கொண்டுவந்து காட்டுங்கள், பன்னிரண்டரைக்குத் தட்டில் விழ வேண்டும், பிடித்தால் தொடரலாம் என்றார்கள். அது கிடைத்தால்தான் எங்கள் வீடு தலைநிமிரும்.

பத்தரைக்கு எங்கள் பழைய வேனில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஜங்ஷனில் கிளட்சை விட்டேன். டக். கண்ணாடியில் பார்த்தால், டீ டம்ளரோடு ஒரு உருவம் ஓடி வருகிறது.

"ஐயோ, அந்த ஆளா? ஓட்டுங்க, ஓட்டுங்க!" என்றாள் சித்ரா. எங்கே ஓட்டுவது? முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது.

"அண்ணே, இன்னைக்கு மட்டும் விட்டுடுங்க. கால்ல வேணா விழறேன்" என்றேன்.

"உஷ்! ஓரங்கட்டு. கிளட்ச மெதுவா விடு."

டக்.

"இன்னொரு தபா."

டக். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டு டக்கு கேக்குது சார். ஒண்ணு வண்டியோடது இல்ல." பின்கதவைத் திறந்து, ரசக் குண்டானுக்குள் கிடந்த கரண்டியை எடுத்து சித்ராவிடம் கொடுத்தார். "இத மடில வச்சுக்கம்மா. இப்ப விடு சார்." டக். "ஆங், இதான் நம்மாளு."

சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் விடச் சொன்னார். எவ்வளவு ஆடுகிறது என்று கோடு போட்டுப் பார்க்க ஒரு சாக்பீஸோடு அடியில் போய்விட்டார்.

"பத்தே முக்கால் ஆச்சு! இந்த மனுஷனுக்கு என்ன பைத்தியமா?" என்று சித்ரா கரண்டியை ஓங்கினாள்.

"உஷ்! சாம்பாரு தளும்புற சத்தத்துலயே எனக்கு ஒண்ணும் கேக்கல, நீ வேறம்மா!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

வெளியே வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "பின்னாடி போற ஷாஃப்ட கையால திருப்பினா உடனே பிடிக்கணும் சார். இது கால் சுத்து சும்மா ஆடுது. ஜாயிண்ட்டு டைட்டா கீது. அப்போ வியாதி கிரவுனுக்குள்ள. வண்டலூர் தாண்ட மாட்ட. ஓடச்சொல்லோ பல்லு சிக்கிக்கினா சக்கரம் பூட்டிக்கும்."

சித்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்போ அறுபது பேரு சாப்பாடுண்ணா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். திடீரென்று பட்டறைக்கு ஓடினார். தன்னுடைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அது பாதி தகரம், பாதி துரு. சாம்பாருக்கு முன்சீட்டில் பெல்ட் போட்டார். நாங்கள் பின்னால் சாதக் குண்டான்களுக்கு நடுவே செருகிக்கொண்டோம். கார் கிளம்பியது. டமால்!

"அண்ணா, உங்க வண்டியே இப்படி..." என்றாள் சித்ரா.

"எம் வண்டி எவ்ளோ ஆடுது, எப்போ புட்டுக்கும்னு எனக்குத் தெரியும்மா. இன்னும் நாலு மாசம் தாங்கும். உன் வண்டிய யாரு பாத்தா?"

ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க நான் கடிகாரத்தைப் பார்த்தேன், சித்ரா சாமி கும்பிட்டாள், ஒவ்வொரு கியருக்கும் ஒரு டமால். பன்னிரண்டு இருபதுக்குக் கம்பெனிக்குள் நுழைந்தோம். மேனேஜர் இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கினார். "நாளையிலேருந்து வந்துடுங்கம்மா" என்றார். சித்ரா அண்ணனைத் தேடினாள். அவர் கம்பெனி லாரிக்கடியில் இருந்தார்.

அன்று சாயங்காலம் எங்கள் வேனின் கிரவுனைக் கழற்றினார். ஆயிலில் கையை விட்டு, உடைந்த இரண்டு பற்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "ரோட்ல பூட்டியிருந்தா என்னண்ணே ஆயிருக்கும்?" என்று கேட்டேன். "உஷ்" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து சித்ரா தினமும் அறுபத்தோரு சாப்பாடு கட்டுகிறாள். கம்பெனியில் அறுபதை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மீதி ஒன்றைப் பட்டறையில் கொடுப்பது என் வேலை. கொடுத்துவிட்டு வந்தால் ஆகாது. நடுவில் எங்கேயாவது 'டக்' கேட்டால் மனுஷன் கையைக் கழுவாமல் ஓடிவிடுவார், சோறு காய்ந்துபோகும். எனக்கு ஆயிரம் வேலை இருக்கிறது. ஆனாலும் அவர் கடைசி வாய் மோர்சாதம் சாப்பிட்டு முடிக்கும் வரை அங்கிருந்து எனக்குக் கால் நகர்வதில்லை.