கிடங்கிலிருந்து பதில் இல்லை

பீரோ ஒன்று வேண்டும் என்று ஆர்டர் போய் இருபது நிமிடம் ஆகிவிட்டது. "கிடைத்தது" என்று கிடங்கிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. திரையில் "காத்திருக்கவும்" மட்டும் அசையாமல் நின்றது.

அந்த ஃபர்னிச்சர் கடையில் புரோகிராமர் சேர்ந்து ஆறு மாதம்தான். இனி ஆர்டர் காகிதத்தில் போகாது, எக்ஸ்எம்எல் என்ற கணினி ஆவணமாக, சாக்கெட் என்ற இணைப்பு வழியே நொடியில் கிடங்குக்குப் போகும் என்று முதலாளியிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். நாலு மணிக்கு முதலாளி பார்க்க வருவார். புரோகிராம் ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். வெள்ளோட்டத்துக்குத் தன் வீட்டு விலாசத்தையே போட்டிருந்தார்.

கோளாறு அவருக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது. சாக்கெட் என்பது வெறும் குழாய். எழுத்துகள் வரிசையாக வந்து விழும். ஆவணம் எங்கே முடிகிறது என்று குழாய் சொல்லாது. இன்னும் ஏதோ வரப்போகிறது என்று கிடங்குக் கணினி வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கிறது, பாவம்.

கடைசியில் ஒரு காலி வரி சேர்த்து அனுப்பினார். பதில் இல்லை. அனுப்பியதுமே இணைப்பைத் துண்டித்தால் முடிந்தது என்று தெரியுமே என்று துண்டித்தார். பதில் வரும் வழியையும் சேர்த்து அடைத்துவிட்டோம் என்பது கால் மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது.

கிடங்குக்குப் போன் போட்டார்.

"எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்" என்றாள் அங்கிருந்த பெண்.

எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள் என்று முணுமுணுத்தபடி வைத்துவிட்டார். இணைப்பை மறுபடி திறந்து, பதில் வரும்வரை பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதே ஆர்டர் தானாகவே போகும்படி எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோதும் "காத்திருக்கவும்"தான். மனைவி நாலு முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

நாலு மணிக்கு முதலாளி பின்னால் வந்து நின்றார்.

"என்னப்பா, போகுதா?"

"போகுதுங்க. போய்ச் சேருதான்னுதான் தெரியல."

சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்தது. தெரியாத எண்ணிலிருந்து போன் அடித்தது. எடுத்தார், கிடங்கு லாரியின் டிரைவர்.

"சார், உங்க வீட்டு வாசல்ல பதினேழு பீரோ இறக்கியாச்சு. கிடைச்சதுன்னு பதினேழு தடவையும் உடனே பதில் போட்டாங்களாம், நீங்கதான் அந்தப் பதில் எங்க முடியுதுன்னு தெரியாம இன்னும் படிச்சுக்கிட்டே இருக்கீங்கன்னு கிடங்குல சொல்லச் சொன்னாங்க."