குண்டனைப் பட்டினி போட்ட கதை

அடுத்தவர் எவ்வளவு சாப்பிடுகிறார் என்று அளப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தப் புத்தி ஒருமுறை என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சுண்டெலிக் கூண்டுகளைக் கழுவும் வேலை எனக்கு. (எழுத்துகள் என்னைக் கண்டால் ஓடும், எண்கள் மட்டும் மரியாதையாக நிற்கும்.) அங்கே ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு எலிகள். ஒன்று ஒல்லி. மற்றது பூசணிக்காய், எந்நேரமும் தீனி.

டாக்டர் பெண் பத்து நாள் லீவில் போனாள். "சேச்சி, ரெண்டுக்கும் பெட்டி நிறையத் தீனி இருக்கணும், கேட்டோ?" என்று சொல்லித்தான் போனாள்.

நான் கேட்டேனா? ஒல்லி நேற்றுத் தின்ற அளவைத் தராசில் நிறுத்து, அதே அளவுதான் குண்டனுக்கு இன்று. திரும்பி வந்தால் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவாள் என்று நினைத்தேன்.

வந்தாள். குண்டனை எடை போட்டாள். ஒரு பொட்டுக்கூட மெலியவில்லை. முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல்!

"ஐயோ சேச்சி, இதெந்தா தீனிப் பெட்டி காலி?"

"டயட்டு, மோளே."

"என் பரிசோதனையே போச்சு! பெரிய சார் இனி உங்கள இங்க வைப்பாரா?"

வேலை போச்சு என்றே நினைத்தேன். வாய் மட்டும் அடங்கவில்லை. "தப்புதான், ஒத்துக்கிடுதேன். ஆனா அளவுல தப்பில்ல, பாரு" என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தை நீட்டினேன். பத்து நாள் தீனியும் அதில் எண்ணாக இருந்தது.

பார்த்தவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "சேச்சி! அடுத்த மாசம் நான் செய்ய இருந்ததே இதுதான்!"

பிறகு விளக்கினாள். "கொழுப்பு சும்மா கிடக்கிற சாமான் இல்ல. 'இங்க நிறைய இருக்கு, போதும்'னு மூளைக்கு ஒரு புரதத்த அனுப்பும். லெப்டின்னு பேரு. இவன் கொழுப்புக்கு அத உண்டாக்கத் தெரியாது. மூளை பட்டினின்னு நம்பி, தின்னச் சொல்லும். உடம்புச் சூட்டக்கூடக் குறைச்சு மிச்சம் பிடிக்கும். அதான் ஒல்லி அளவே தின்னாலும் மெலியல."

"அப்ப என் கொழுப்பு?"

"அது நல்லாவே அனுப்பும். மூளைதான் காதுல வாங்கல."

"எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லு."

பெரிய சார் கோபமாகத்தான் வந்தார். தாளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று முதல் தீனி நிறுக்கும் பொறுப்பே என்னுடையது. ஓய்வு பெறும்வரை வேறு யாரும் அந்தத் தராசைத் தொட்டதில்லை.

இன்றும் என் மருமகளைப் பார்த்து எவளாவது, "கொறச்சுத் தின்னா என்னம்மா?" என்று ஆரம்பித்தால், வீடே என் பக்கம் திரும்பும். "எலி டாக்டரே, வாங்க!" என்பான் மகன். நானும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்குவேன். கேட்டவளின் காப்பி ஆறி ஆடை கட்டும்வரை விடமாட்டேன்.