கண்கொத்திக் காவலாளி

சாம்பசிவன் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். கதவும் அவருடையது, வீடும் அவருடையது. இருந்தாலும் ஒளிந்துதான் நின்றார்.

"ஏன்னா, இன்னிக்கு ஜானவிக்குக் கணக்கு சொல்லித் தரணும், கேட்டேளா? எங்கயும் போகப்படாது!" என்று அடுக்களையிலிருந்து சூடாமணி உத்தரவு போட்டிருந்தாள். பெண்ணுக்கு என்ட்ரன்ஸ் நெருங்கிவிட்டது. கணக்கில் தம்மை மிஞ்சக் கரமனை வட்டாரத்திலேயே ஆளில்லை என்பது சாம்பசிவனின் கட்சி. ஆனால் மனசு என்னவோ தெருக்கோடியில் இருந்த சேஷனின் கம்ப்யூட்டர் கடையில் கிடந்தது.

அங்கே ஒரு விளையாட்டு. சுடுவது, குத்துவது எல்லாம் கிடையாது. காவலாளி கண்ணில் படாமல் பதுங்கிப் பதுங்கிக் கோட்டைக்குள் போக வேண்டும். இதற்கு முன்னால் அவர் ஆடி முடித்த விளையாட்டில் காவலாளிகள் சாம்பசிவனின் ஆபீஸ்காரர்களைப் போல. எதிரே போய் நின்றாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். இதிலோ மூன்றாம் வாசலில் ஒரு கண்கொத்திப் பாம்பு நிற்கிறான். இவர் மூச்சு விட்டால் திரும்புகிறான். ஒரு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் அவனிடம் பிடிபட்டாகிவிட்டது. நாளைக்குக் கம்ப்யூட்டரை மாற்றப்போகிறேன், இந்த விளையாட்டும் போய்விடும் என்று சேஷன் வேறு சொல்லிவிட்டான். இன்றைக்கு விட்டால் கிடையாது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை நடை நடந்தார். ஊஞ்சலருகே ஒரு செருப்பு நழுவிப் பித்தளைக் குடத்தின் மேல் விழுந்தது. டொங்!

"பாழாப்போன பூனை!" என்றாள் சூடாமணி, திரும்பாமலே.

சாம்பசிவன் ஊஞ்சலுக்குப் பின்னால் பதுங்கினார். விளையாட்டில் இந்த மாதிரி நேரத்தில் கல்லை வேறு பக்கம் எறிந்து காவலாளியைத் திசை திருப்புவார்கள். கைக்கு அகப்பட்ட எலுமிச்சம்பழத்தைக் கொல்லைப்பக்கம் வீசினார். அது கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திர அடுக்கின் மேல் போய் விழ, கோவில் மேளம் போல ஒரு சத்தம்.

"ரெண்டு பூனை போல இருக்கே!" என்றாள் சூடாமணி.

இருபது வருஷம் குடித்தனம் பண்ணியும் இவளுக்கு இவ்வளவு மந்தமான காது என்று தெரியாமல் போயிற்றே என்று வியந்தபடி வாசலுக்கு வந்தார். அங்கே நின்றாள் பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மிணி.

"சாரே! செருப்பைக் கையில பிடிச்சுட்டு எவிடெயாக்கும் போறது?" தெரு முழுக்கக் கேட்டது.

"ஸ்ஸ்! பிஞ்சு போச்சு. தைக்கக் கொடுக்கணும்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்!"

"இங்க தாங்க சாரே. நம்ம வாசல்லதான் தைக்கிற ஆள் இருக்கான்." பிடுங்கிக்கொண்டு போயே போய்விட்டாள்.

கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு கூத்தாடிக்கொண்டே கடைக்குள் நுழைந்தார். சேஷன் காத்திருந்தவன் போல எழுந்தான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

இருட்டில் பதுங்கினார்; பிடிபட்டார். பீப்பாய்க்குப் பின்னால் தவழ்ந்தார், பிடிபட்டார். அசையாமல் நின்றார், காவலாளி தேடிக்கொண்டு வந்து பிடித்தான்.

"சேஷா, இத ஈஸியாக்கித் தொலைடா!"

சேஷன் எதையோ தட்டினான். "ஆக்கியாச்சு மாமா."

இந்தத் தடவை முதல் அடியிலேயே பிடிபட்டார்.

"என்ன அக்கிரமம்டா இது! ஆத்துல அத்தன பாத்திரத்தையும் உருட்டிட்டு வந்திருக்கேன், ஒருத்தி திரும்பல. இந்தக் கடங்காரனுக்கு மட்டும் பாம்புச் செவியா?" கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "போறும். பொண்ணுக்குக் கணக்காவது சொல்லித் தரேன்."

சேஷன் பாய்ந்து வந்து வாசலை மறித்தான்.

"ஐயோ, இப்பப் போகாதீங்கோ மாமா! ஜானவியோட கணக்கு மாஸ்டர் இன்னும் ஆத்துலதான் இருக்கார். அவர் போறவரைக்கும் மாமா தாண்டப்படாதுன்னு அந்தக் காவலாளிய ஒரு மாசமா ரொம்பக் கஷ்டமான லெவல்ல வெக்கச் சொன்னதே மாமிதான்!"